காருக்கு நாலு, லாரிக்குப் பத்து: வீல் நட்டுக் கணக்கு

கேள்வி இதுதான். திருவொற்றியூரில் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், பழைய குவிட்டில் சக்கரத்துக்கு 3 நட்டு, ஸ்விஃப்ட்டில் 4, இன்னோவாவில் 5, ஃபார்ச்சூனரில் 6. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குப் போனால் கன்டெய்னர் டிரெய்லரில் 10. ஏன் ஆளுக்கு ஒரு எண்ணிக்கை? "வெயிட் ஏற ஏற நட்டு ஏறும், அவ்வளவுதான்" என்கிறார் மாமா, அது சரியா? கடைசியாக ஒரு துணைக்கேள்வி: ஸ்விஃப்ட்டுக்கு 5 ஓட்டை அலாய் வீல் மாட்டலாமா?

மாமா சொன்னது பாதி சரி. வெயிட் ஏறினால் நட்டும் ஏறுவது கண்ணால் பார்க்கிற விஷயம்தான். ஆனால் அந்த வெயிட்டை நட்டுகள் சுமக்கின்றன என்று நினைத்துவிட்டால் மீதிக் கணக்கு எதுவும் பிடிபடாது. போலோவைப் பாருங்கள். ஸ்விஃப்ட்டோடு போட்டி போட்ட வண்டி, எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ஸ்விஃப்ட்டுக்கு 4, போலோவுக்கு 5. இன்னும் வேடிக்கை, லேண்ட் குரூசர் 200. ஃபார்ச்சூனரைவிட நல்ல கனமான வண்டி, ஆனால் அதில் 5 நட்டு, ஃபார்ச்சூனரில் 6. மாமாவின் கணக்கு இங்கேயே உதைக்கிறது.

சரி, நட்டு உண்மையில் என்ன வேலை செய்கிறது? சக்கரம் மாட்டுகிற நடுப்பாகமான ஹப்பிலிருந்து ஸ்டட், அதாவது மரை போட்ட எஃகுக் கம்பி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் டிஸ்க்கை (டயர் ஏறி உட்காருகிற சக்கரத் தட்டு, பிரேக் டிஸ்க் அல்ல) மாட்டி நட்டைப் போட்டு இறுக்குகிறோம். நட்டு டிஸ்க்கில் போய் உட்கார்ந்த பிறகும் இறுக்கிக்கொண்டே போனால், ஸ்டட் மயிரிழை அளவுக்கு நீள்கிறது. எஃகு அல்லவா, பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும். அந்த இழுப்புதான் டிஸ்க்கின் முகத்தையும் அதற்குப் பின்னால் இருக்கிற பிரேக் டிரம்மின் முகத்தையும் ஒன்றோடொன்று அழுத்தி வைக்கிறது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு தடித்த புத்தகத்தை அழுத்திப் பிடித்தால் அது விழாமல் நிற்கிறதே, அந்த மாதிரி. புத்தகத்தின் எடையைத் தாங்குவது உராய்வு. வண்டியிலும் எடையைச் சுமப்பது இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவில் இருக்கிற உராய்வுதான். ஒழுங்காக இறுக்கிய சக்கரத்தில் ஸ்டட்டுக்குக் குறுக்கே வெட்டுகிற விசை ஏறக்குறைய வருவதே இல்லை. நீளவாக்கில் இழுபட்டுக்கொண்டு இருப்பது மட்டும்தான் அதன் வேலை. நட்டு தளர்ந்தால் கதை மாறிவிடும். டிஸ்க் நகர ஆரம்பிக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட்டின் பக்கவாட்டில் அடி விழும், கொஞ்ச தூரத்தில் உடையும்.

எத்தனை டன் அழுத்தம் என்று ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். சின்னக் காரில் ஸ்டட் 12 மி.மீ. கனம். சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்குகிறோம். மரையிலும் நட்டின் இருக்கையிலும் உராய்வு போக, ஒரு ஸ்டட் கிட்டத்தட்ட 4 டன் விசையோடு இழுக்கிறது. நாலு ஸ்டட்டுக்கு 16 டன். நாலு பேர் ஏறிய ஸ்விஃப்ட்டின் மொத்த எடையே சுமார் 1.2 டன், ஒரு சக்கரத்துக்கு 300 கிலோதான் வரும். அதற்கு எதற்கு 16 டன் என்று கேட்கத் தோன்றும்.

பிரேக்குக்காக. சக்கரத்தைப் பிடித்திருக்கிற விஷயத்தில் எடையைவிடப் பெரிய எதிரி பிரேக்தான். இதைப் பலரும் யோசிப்பதில்லை. பிரேக்கை அழுத்தி மிதித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் சுமார் 400 கிலோ ஏறும். ரோடு டயரைப் பின்னுக்கு இழுக்கிற விசை 320 கிலோ அளவில் வரும். அந்த விசை டயரின் விளிம்பில், அதாவது மையத்திலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி வேலை செய்கிறது. ஸ்டட்டுகள் இருப்பதோ மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில். நெம்புகோல் கணக்குப்படி 6 மடங்கு. 320 கிலோ, ஸ்டட் வட்டத்துக்கு வரும்போது 1.9 டன் ஆகிவிடும். நம் கையில் இருக்கிற 16 டன் அழுத்தத்தில், இரும்புக்கும் இரும்புக்கும் இடையே 15 முதல் 20 சதவீதம் உராய்வு கிடைத்தால் 2.4 முதல் 3.2 டன். தாங்கும், ஆனால் தாராளமாக ஒன்றும் இல்லை. ஒரு நட்டு இல்லாமல் ஓட்டினால் 1.8 முதல் 2.4. விளிம்பில் நிற்கிற கணக்கு. நட்டின் கூம்பு முகம் டிஸ்க் குழியில் உட்கார்ந்து கொஞ்சம் கூடுதல் பிடி கொடுக்கும், அதனால்தான் பல பேர் தப்பிக்கிறார்கள்.

இப்போது டிரெய்லருக்கு வருவோம். நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 2018இல் அனுமதி அளவு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. ஒரு பக்கத்துக்கு 5.75 டன். லாரி ஸ்டட் 22 மி.மீ. கனம், சுமார் 650 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் ஒவ்வொன்றும் 15 டன் அளவில் இழுக்கும். மாமா பக்கம் நின்று, "இவ்வளவு பெரிய ஸ்டட்டா, அப்போ நாலு போதுமே" என்று வைத்துக்கொள்வோம். நாலுக்கு 60 டன், அதில் 15 சதவீதம் உராய்வு 9 டன். முழு பாரத்தோடு பிரேக் பிடித்தால் ரோடு இழுக்கிற விசை 3.5 டன்னைத் தாண்டும். டயர் ஆரம் அரை மீட்டர், ஸ்டட் வட்டத்தின் ஆரம் சுமார் 17 செ.மீ., ஆக 3 மடங்கு. 11 டன் பக்கம் வந்துவிடுகிறது. 9 டன் பிடி 11 டன்னை நிறுத்தாது, டிஸ்க் வழுக்கும். பத்து ஸ்டட் போட்டால் 150 டன் அழுத்தம், 22 டன் பிடி. இரண்டு மடங்கு கையிருப்பு. பழைய பெயின்ட், துரு, சரியாக இறுக்காத நட்டு, அளவுக்கு மீறிய லோடு எல்லாவற்றையும் அந்தக் கையிருப்புதான் விழுங்குகிறது. மணலி ரோட்டுப் பள்ளங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரத்தில் இன்னொரு சங்கதி. உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு டிஸ்க்கையும் அதே பத்து ஸ்டட்தான் பிடிக்கிறது. முன்சக்கரத்தில் டிஸ்க் வெளியே புடைத்துத் தெரியும், பின்னால் உள்ளே குழிந்து தெரியும். பலர் இரண்டும் வேறு வேறு டிஸ்க் என்று நினைக்கிறார்கள். ஒரே டிஸ்க்கைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு ஸ்டெப்னி எந்த இடத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதால் பாரம் குறைவான முன் ஆக்சிலுக்கும் பத்து ஸ்டட் வந்துவிடுகிறது. பின்சக்கரத்து நடுவில் சின்ன நட்டுகளாக இன்னொரு வட்டம் தெரிந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது ஆக்சில் ஷாஃப்ட்டை ஹப்போடு பிடித்திருப்பது. 6 டயர் இழுவை வண்டியும் 12 டயர் டிரெய்லரும் சேர்ந்த ஒரு 18 டயர் கன்டெய்னர் வண்டியில் வீல் நட்டு மட்டும் 100. ஒரு டிரைவர், ஒரு ஸ்பேனர், 100 நட்டு. துறைமுக கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கிற நேரத்தில் அதையெல்லாம் சுற்றிவந்து பார்க்கிற டிரைவருக்கு நான் எப்போதும் ஒரு கும்பிடு போடுவேன்.

எண்ணிக்கையை முடிவு செய்கிற அடுத்த காரணம் வட்டத்தின் அளவு. ஸ்டட்டுகளின் மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டத்தைத்தான் பிசிடி என்கிறார்கள். ஸ்விஃப்ட்டில் 100 மி.மீ., இன்னோவாவில் 114.3, ஃபார்ச்சூனரில் 139.7, 20 அங்குல லாரி டிஸ்க்கில் 335. (114.3, 139.7 என்ற விசித்திர எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாலரை அங்குலமும் ஐந்தரை அங்குலமும்தான் மில்லிமீட்டர் வேஷம் போட்டிருக்கின்றன.) ஒரு நட்டு தன்னைச் சுற்றிக் கொஞ்ச இடத்தைத்தான் நன்றாக அழுத்தும். தள்ளிப் போகப் போக அழுத்தம் குறையும். லாரி ஹப்புக்குள் பெரிய பேரிங்குகள் உட்கார வேண்டும், நடுவில் ஆக்சில் ஷாஃப்ட் போக வேண்டும். அதனால் ஸ்டட் வட்டத்தைச் சின்னதாக வைக்க வழியே இல்லை. அவ்வளவு பெரிய வட்டத்தில் நாலே நட்டு போட்டால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 26 செ.மீ. இடைவெளி விழும், நடுவில் டிஸ்க் காற்று வாங்கும். பத்து போட்டால் பத்தரை செ.மீ. காரில் இதே இடைவெளி 7, 8 செ.மீ. எண்ணிக்கை எவ்வளவுதான் மாறினாலும் நட்டுக்கும் நட்டுக்கும் உள்ள தூரம் ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே நிற்கிறது. தெருவில் அளந்து பாருங்கள், அழகாக இருக்கும்.

ஸ்டட்டைக் கனமாக்கலாம், அல்லது எண்ணிக்கையைக் கூட்டலாம். இரண்டு வழியும் உண்டு. ஃபார்ச்சூனரின் ஸ்டட்டும் ஸ்விஃப்ட் போலவே 12 மி.மீ. கனம்தான், எண்ணிக்கையை 6 ஆக்கிவிட்டார்கள். லேண்ட் குரூசர் 200இல் எண்ணிக்கை 5, கனம் 14 மி.மீ. கனத்தின் வர்க்கத்தை எண்ணிக்கையால் பெருக்கினால் ஃபார்ச்சூனருக்கு 864, லேண்ட் குரூசருக்கு 980. கனமான வண்டியில்தான் இரும்பு அதிகம். நட்டை மட்டும் எண்ணினால் இது தெரியாது.

அப்படியானால் கனத்தை ஏற்றிக்கொண்டே போய் எண்ணிக்கையைக் குறைக்கலாமே? அங்கே மனிதனின் கை குறுக்கே வருகிறது. ஸ்டட் கனமாக ஆக அதை முழுதாக இழுக்க வைக்கிற முறுக்கு வேகமாக ஏறும். காரின் 100 நியூட்டன் மீட்டர் என்பது 25 செ.மீ. ஸ்பேனர் நுனியில் 40 கிலோ அழுத்தம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் கையால் கொடுக்கக்கூடியது. லாரியின் 650ஐக் கையால் கொடுக்க முடியாது, அதனால்தான் கிளீனர் ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப்பைச் செருகி அதன்மேல் ஏறி நிற்கிறார். 65 கிலோ ஆள், ஒரு மீட்டர் நீளம், கணக்குப் போட்டால் சுமார் 640. யாரும் கற்றுக்கொடுக்காமலே சரியான அளவுக்கு வந்து நிற்கிறார்கள் பாருங்கள். நிற்பதோடு விட்டால் சரி. ஏறிக் குதித்தால் அந்த அளவு பறந்துவிடும். இதே பழக்கத்தைக் காருக்குக் கொண்டுவந்து சின்ன ஸ்பேனரை எட்டி மிதிப்பவர்களும் உண்டு. 65 கிலோவை 25 செ.மீ.யில் நிறுத்தினால் 160, தேவையைவிட அறுபது சதவீதம் அதிகம். குதித்தால் ஸ்டட் திரும்பி வராத அளவுக்கு நீண்டுவிடும், அப்புறம் அதற்கு இழுக்கிற தெம்பே இருக்காது.

ஒரே ஒரு பெரிய நட்டு போடுகிற வழியும் இருக்கிறது. பந்தயக் கார்களில் நடுவில் ஒரே நட்டுதான். ஃபார்முலா 1இல் டயர் மாற்றக் கிடைப்பது சில வினாடிகள், ஐந்து நட்டுக் கழற்றிக்கொண்டிருந்தால் பந்தயம் முடிந்துவிடும். ஆனால் அங்கே பிரேக் விசையை வாங்கிக்கொள்ளத் தனியாக முளைகள் வைத்திருக்கிறார்கள், இறுக்க ராட்சதத் துப்பாக்கி இருக்கிறது, பந்தயத்துக்குப் பந்தயம் பிரித்துப் பார்க்க ஆள் இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் யாராவது உங்கள் தெருவில் இருந்தால் விசாரியுங்கள், என்னைவிடச் சுவாரசியமாகச் சொல்வார்கள். ரயிலில் நட்டே கிடையாது. பெரம்பூர் பக்கம் பெட்டிகளுக்கு அடியில் பார்க்கிற சக்கரங்களில் ஸ்டட்டும் இல்லை, நட்டும் இல்லை. சக்கரத்தின் துளையை ஆக்சிலைவிட ஒரு துளி சின்னதாகக் கடைந்து, பெரிய பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஏற்றிவிடுகிறார்கள். அங்கேயும் பிடித்திருப்பது அதே உராய்வுதான்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி ஒரு நட்டு போனால் என்ன ஆகும் என்பது. ஒரு தாளில் வட்டம் போட்டு மூன்று புள்ளி வையுங்கள். ஒன்றை அழியுங்கள். மிச்சம் இரண்டு புள்ளி, வெறும் கோடு. வட்டத்தின் மையம் அந்தக் கோட்டுக்கு வெளியே கிடக்கிறது. அழுத்தமெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் டிஸ்க் வாய் பிளக்கும். நாலு புள்ளியில் ஒன்றை அழித்தால் முக்கோணம் கிடைக்கும், ஆனால் மையம் சரியாக அதன் ஓரக்கோட்டில் உட்காரும், தப்பித்தோம் பிழைத்தோம் என்று. ஐந்தில் ஒன்று போனால் மீதி நாலும் மையத்தை முழுசாகச் சூழ்ந்து நிற்கும். அதனால்தான் நாலிலிருந்து ஐந்துக்குப் போகிற ஒரு படி, பார்ப்பதற்கு அற்பமாக இருந்தாலும், பெரிய படி. பத்துப் புள்ளியில் அடுத்தடுத்து நாலை அழித்தால்தான் மையம் ஓரக்கோட்டுக்கு வரும். லாரிக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டும், ஏனென்றால் அதன் சக்கரம் கழன்று ரோட்டில் உருண்டால் எதிரில் வருகிற ஷேர் ஆட்டோவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இதைப் படித்துவிட்டு "எனக்கு ஐந்து இருக்கிறதே, ஒன்று போனால் போகட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். ஒன்று போனது ஏன் போனது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வழியில் ஒரு சக்கரத்தின் நாலு நட்டும் தொலைந்தால், மற்ற மூன்று சக்கரத்திலிருந்தும் ஒவ்வொன்று கழற்றி அங்கே போட்டு, எல்லாவற்றிலும் மூன்று மூன்றாக வைத்து மெதுவாகப் பக்கத்துக் கடை வரை ஊர்ந்து போகலாம் என்று ஒரு பழைய யுக்தி இருக்கிறது. 4, 5 நட்டு வண்டிக்கு அது செல்லும். 3 நட்டு வண்டியில் செய்தால் மற்ற மூன்று சக்கரமும் இரண்டு புள்ளிக் கோட்டில் நிற்கும். அங்கே நின்றபடி போன் போடுவதுதான் வழி.

அப்படியானால் மூன்று நட்டு வண்டி ஆபத்தா? இல்லை. 2009இல் சந்தைக்கு வந்த டாடா நானோ 600 கிலோ வண்டி, சின்ன சக்கரம், சின்ன பிரேக், சின்ன எஞ்சின். கணக்குப்படி மூன்று தாங்கும். பிரெஞ்சுக்காரர்கள் பல காலமாகவே இப்படித்தான், சிட்ரோன் 2சிவி மூன்று நட்டோடு நாற்பது வருஷத்துக்கு மேல் தயாரிப்பில் இருந்தது. ஒரு வண்டியில் சக்கரத்துக்கு ஒரு ஸ்டட் குறைந்தால் நாலு ஸ்டட், நாலு நட்டு, துளையிடுகிற வேலை, அசெம்ப்ளி லைனில் சில வினாடி எல்லாம் மிச்சம். லட்சக்கணக்கில் தயாரிக்கிற இடத்தில் அது நல்ல காசு. ஆனால் அங்கே எல்லா நட்டும் எல்லா நேரமும் சரியாக இருக்க வேண்டும்.

போலோவுக்கு 5 ஏன் என்றால், அதே ஹப், அதே பிரேக் பாகங்களைக் கனமான உடம்புக்கும் பெரிய எஞ்சினுக்கும் போடுவார்கள். அந்தக் குடும்பத்திலேயே பலசாலி எதுவோ அதற்குத் தேவையானதை எல்லாருக்கும் கொடுத்துவிடுவது கம்பெனிக்கு லாபம். நட்டு எண்ணிக்கையில் பாதி இயற்பியல், பாதி ஸ்டோர் ரூம் கணக்கு. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி இன்றைக்கு அசோக் லேலண்டாக இருக்கிறது. அங்கிருந்து வந்த கனரக லாரியிலும் வேறு ஊரில் தயாரான லாரியிலும் அதே 10, அதே 335. டிஸ்க்கைக் கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஊர் ஊராகப் போகிற வண்டிக்கு இந்த ஒற்றுமை இல்லையென்றால் பஞ்சர் கடைக்காரர்கள் தெருவுக்கு வந்து சண்டை போடுவார்கள்.

எண்ணிக்கையைவிட இறுக்கம் முக்கியம் என்பதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. வடசென்னையில் இதற்குத் தனி எதிரிகள் உண்டு. கடற்கரையை ஒட்டிப் போகிற எண்ணூர் ரோட்டின் உப்புக் காற்று ஒன்று. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வருகிற வண்டிகளில் ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் பின்சக்கரத்தின்மேல் சொட்டிக்கொண்டே வரும், அது இன்னொன்று. டிரம் முகத்தில் துரு செதில் செதிலாக ஏறி, அதன்மேலேயே டிஸ்க்கை மாட்டி இறுக்கினால், நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அந்தச் செதில் நொறுங்கிப் பொடியாகும். பொடி போன இடம் காலி. ஸ்டட் நீண்டிருந்ததே மயிரிழைதான், அந்த இடம் காலியானால் இழுப்பு பாதியாகிவிடும். நட்டு ஒரு மில்லிமீட்டர்கூடச் சுழலவில்லை, ஆனால் சக்கரம் தளர்ந்துவிட்டது.

பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும். எஃப்சிக்கு, அதாவது ஃபிட்னஸ் சான்றிதழுக்கு, காட்டுவதற்கு முன்னால் லாரிகளை ஜோடிப்பார்கள் அல்லவா. டிஸ்க்கைக் கழற்றிப் போட்டு உள்முகம், வெளிமுகம், நட்டு உட்காருகிற குழி எல்லாவற்றிலும் இரண்டு மூன்று கோட் அடிப்பார்கள். பளபளவென்று ஃபிட்னஸ் வாங்கி வெளியே வரும். 15 டன் அழுத்தத்தில் அந்தப் பெயின்ட் மெல்லப் பிதுங்கும், அதனோடு இறுக்கமும் போகும். எஃப்சி முடிந்த கையோடு வீல் நட்டு தளர்கிற வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், "நேற்றுதானே எல்லாம் டைட் பண்ணினோம்" என்று டிரைவர் தலையில் கைவைப்பார். டிஸ்க் ஒட்டுகிற முகங்களிலும் நட்டுக் குழியிலும் பெயின்ட் வேண்டாம், வயர் பிரஷ் போட்டுத் துரு நீக்கினால் போதும்.

டயர் மாற்றிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்கச் சொல்வது இதனால்தான். கார்க்காரர்களில் இதைச் செய்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். இறுக்கும்போது வரிசையாகச் சுற்றி வராமல் எதிரெதிராகப் போக வேண்டும். ஐந்து இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்று. ஒரே மூச்சில் முழு இறுக்கம் கொடுக்காமல் இரண்டு மூன்று சுற்றில் ஏற்றினால் டிஸ்க் நேராக உட்காரும். மரையில் ஆயிலோ கிரீஸோ தடவினால் நட்டு சுகமாக இறங்கும், ஆனால் அதே முறுக்குக்கு ஸ்டட் அளவுக்கு மீறி நீளும். கார் ஸ்டட்டைச் சுத்தமாக, காய்ந்ததாக வைத்துக்கொண்டால் போதும். லாரிக்குக் கம்பெனி புத்தகம் எங்கே ஒரு சொட்டு விடச் சொல்கிறதோ அங்கே மட்டும்.

தளர்ந்த நட்டைக் கண்ணாலேயே பிடிக்கலாம். நட்டின் அடியிலிருந்து துரு வழிந்து டிஸ்க்கில் பழுப்புக் கோடு போட்டிருந்தால், அங்கே ஏதோ அசைகிறது. நட்டைச் சுற்றிப் பெயின்ட் உரிந்து வெள்ளி வளையம் தெரிந்தாலும் அதே அர்த்தம். சில லாரி, பஸ் நட்டுகளில் மஞ்சள் பிளாஸ்டிக் அம்பு மாட்டியிருப்பார்கள், பக்கத்துப் பக்கத்து அம்புகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். ஒன்று முகம் திருப்பினால் அந்த நட்டு சுழன்றிருக்கிறது. உடைந்த ஸ்டட் கையில் கிடைத்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி வழவழவென்று, மெல்லிய வளைகோடுகளோடு, பழுப்பேறி இருந்தால் அது பல நாளாக ஓடிக்கொண்டிருந்த விரிசல். மொத்தமும் சொரசொரப்பாக, புது இரும்பாக மின்னினால், மற்றவை விட்டுப் போனதால் பாரம் தாங்காமல் கடைசியில் உடைந்தது. ஒரு ஸ்டட் உடைந்தால் அதற்கு இருபக்கமும் இருக்கிறவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், இரண்டோ அதற்கு மேலோ போனால் அந்த ஹப்பின் ஸ்டட் அத்தனையும். "இன்னும் எட்டு இருக்கே" என்கிற முதலாளிகளிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனிக் கஷ்டம்.

இடப்பக்கச் சக்கரங்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. சைக்கிளின் இடது பெடல் தலைகீழ் மரை என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சுழலும்போது தானாகக் கழலாமல் இருக்க. பழைய லாரிகள் பலவற்றில் இதே காரணத்துக்காக இடப்பக்கம் இடமரை நட்டு இருந்தது. இப்போது அகலமான முகம் உள்ள நட்டுகள் வந்து, டிஸ்க்கின் நடுத்துளை ஹப்பிலேயே கச்சிதமாக உட்காருகிறபடி செய்துவிட்டதால் இரண்டு பக்கமும் வலமரைதான். பழைய வண்டி கையில் வந்தால் மட்டும் ஸ்பேனர் போடுவதற்கு முன் ஸ்டட் நுனியைப் பாருங்கள், பெரும்பாலும் எழுத்துக் குத்தியிருக்கும். கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கி, பைப் போட்டு ஸ்டட்டை முறித்தவர்கள் ஏராளம்.

இனி உங்கள் அலாய் வீல். ஸ்விஃப்ட் ஹப்பில் 4 ஸ்டட் இருக்கிறது, 5 ஓட்டை வீல் நேராக ஏறாது. நடுவில் ஒரு அடாப்டர் தட்டு போட்டுத் தருகிறேன் என்பார்கள். ஒரு பக்கம் உங்கள் நாலில் மாட்டி, மறுபக்கம் ஐந்து ஸ்டட் நீட்டும். இதனால் உங்களுக்கு ஐந்து நட்டின் பலம் வந்துவிடாது, அந்தத் தட்டைப் பிடித்திருப்பது பழைய நாலுதான். சக்கரம் வெளியே தள்ளிப் போவதால் பேரிங்குக்கு நெம்பு அதிகமாகும், இறுக்கிப் பார்க்க வேண்டிய இடம் இரண்டாகும், அதில் ஒன்று வீலைக் கழற்றினால்தான் கண்ணில் படும். நான் போடமாட்டேன்.

4 ஓட்டையிலேயே தேடுங்கள், ஆனால் புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்டு வாங்கும்போது "நாலு ஓட்டைதானே, ஏறிவிடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். எதிரெதிர் துளைகளின் மையத்துக்கு மையம் டேப் வைத்தால் 100 வர வேண்டும். பல ஃபியட் வீல்கள் 98 இருக்கும், கையால் தள்ளினால் ஏறுகிற மாதிரியே இருக்கும், நட்டு கோணலாக உட்காரும். ஐந்து ஓட்டை வீலில் எதிரெதிர் துளை இல்லாததால் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத் தூரத்தை அளந்து 0.588ஆல் வகுத்தால் பிசிடி கிடைக்கும், நண்பர்களுக்கு உதவும். நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளிக்கு வளையம் கேளுங்கள். கடைசியாக நட்டின் அடிமுகம்: கூம்பா, உருண்டையா, வாஷர் வைத்த தட்டையா என்று வீலின் குழியோடு ஒத்துப் பார்த்து, அதற்குரிய நட்டையே வாங்குங்கள். இரும்பு டிஸ்க்கிலிருந்து கழற்றிய பழைய நட்டை அலாயில் போட்டுப் பார்க்கலாம் என்று கடைக்காரர் சொன்னால், குழியில் நட்டு எந்த அளவு தொடுகிறது என்று மார்க்கர் மை தடவி ஒருமுறை இறுக்கிக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மை வளையமாக முழுவதும் அழிந்திருந்தால் வாங்கலாம், ஓரத்தில் ஒரு கோடு மட்டும் அழிந்திருந்தால் வேறு நட்டு எடுக்கச் சொல்லுங்கள்.